சாளரம் திறந்த இரவு

ஜெர்மனியின் வடபகுதியில், எல்பே ஆற்றங்கரையில் அமைந்த பெருந்துறைமுக நகர் ஹாம்பர்க். அந்நகரின் வடபுறத்தே ஓல்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1877இல் திறக்கப்பெற்ற அது ஏறத்தாழ 390 ஹெக்டேர் பரப்புடையது. உலகின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. மரங்களும் குளங்களும் சூழ்ந்த அத்தோட்டத்தில் நம் சிந்தனைக்குரிய கல்லறைகள் இரண்டு. ஒன்று, 1894ஆம் ஆண்டின் முதல் நாளன்று 36 வயதிலேயே மறைந்த ஓர் அறிவியல் பேராசிரியருடையது. மற்றொன்று, 1943ஆம் ஆண்டுக் கோடையில் ஒருசில இரவுகளுக்குள் மாண்டுபோன முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒருசேர அடக்கம் செய்யப்பட்ட பெருங்கல்லறை. அது சிலுவை வடிவில் அமைந்தது.

முதல் கல்லறையில் துயில்பவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் உண்டு என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர். இரண்டாம் கல்லறையில் துயில்வோர், அதே அலைகளைக் கொண்டு நடந்த ஒரு போரின் முடிவில் எரிந்துபோன எளிய மக்கள். அந்த அறிஞரும் இந்த மக்களும் ஒரே நகரத்தவர். ஒரே மண்ணில் உறங்குகின்றனர். இவ்விரு கல்லறைகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு நீளமுள்ள ஒரு பாதை இருக்கிறது. அதில் சற்றே நடந்து பார்ப்போம்.

அலையைக் கண்டவர்

ஹெர்ட்ஸ் 1857இல் ஹாம்பர்க்கில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். மின்சாரமும் காந்தமும் கூடி அலையாக வெளியில் பரவக்கூடும், ஒளியும் அத்தகைய அலையே என்று ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் மாக்ஸ்வெல் 1865இல் கணித வாயிலாகக் கூறியிருந்தார். அதைக் கண்டவர் எவருமில்லை. கார்ல்ஸ்ரூ நகரக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஹெர்ட்ஸ் 1886 முதல் 1888 வரை நிகழ்த்திய ஆய்வுகளில், அறையின் ஒருபுறம் மின்பொறி ஒன்றை எழச் செய்தார். எட்ட நின்ற கம்பி வளையம் ஒன்றின் சிறு இடைவெளியில் நுண்ணிய பொறி தோன்றியது. இரண்டையும் இணைக்கும் கம்பி ஏதுமில்லை. அலை வந்துசேர்ந்தது என்பதற்கு அச்சிறு பொறியே சான்றாயிற்று.

அவர் மற்றொன்றையும் கண்டார். துத்தநாகத் தகட்டை எதிரே நிறுத்தினால் அந்த அலை கண்ணாடியில் பட்ட ஒளியைப் போலத் திரும்பி வருகிறது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் நாம் சொல்லப்போகும் அனைத்தும், ராடாரும் அதைக் குருடாக்கிய கருவியும், இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறந்தவை.

ஹெர்ட்ஸ் உண்மையை அறிவதற்காகவே உண்மையைத் தேடியவர். தம் கண்டுபிடிப்பை அவர் விற்கவுமில்லை. அதைக் கொண்டு ஒரு கருவி செய்ய முனையவுமில்லை. இன்று நம் வானொலிப் பெட்டிகளின் முகப்பில் கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்று அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அவர் பிறந்த நாட்டில் அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்தது வேறு. அவருடைய தந்தை வழியினர் யூத மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். நாத்சிகள் ஆட்சிக்கு வந்தபோது, ஹாம்பர்க் நகர மன்ற மாளிகையில் மாட்டியிருந்த அவருடைய உருவப்படம் அகற்றப்பட்டது. உயிரியல் அறிஞராயிருந்த மகள் மத்தில்டே தம் பணியை இழந்தார். ஹெர்ட்சின் துணைவியாரும் இரு மகள்களும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர்.

ஒரே திங்களில் இரு பிறப்புகள்

ஓர் அறிவு உலகில் பிறந்தபின் அது எந்தக் கைகளைச் சேரும் என்பதை அதைப் பெற்றவர் அறியார். 1904ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் இதற்கு நல்ல சான்று. அத்திங்கள் 15ஆம் நாள், ரஷ்யர் வசமிருந்த ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியக் கப்பல்கள் தொலைவிலிருந்து பீரங்கியால் தாக்கின. குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதைக் கரைக்கு அருகிலிருந்த கப்பல்கள் கம்பியில்லாத் தந்தி வழியே தெரிவித்துக்கொண்டிருந்தன. இதைச் செவியுற்ற ரஷ்யத் தந்தியாளர்கள் தங்கள் கருவிகளை இயக்கி அதே அலைவெளியில் வெற்றுப் பொறிகளை இரைச்சலாகப் பரப்பினார்கள். ஜப்பானியரின் செய்தி அந்த இரைச்சலில் அமிழ்ந்தது; தாக்குதலும் பயனற்றுப்போயிற்று. மின்னணுப் போர் என்று இன்று பெயர் பெற்றுள்ள கலையின் முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பர்.

அதே ஏப்ரல் 30ஆம் நாள் ஜெர்மானியப் பொறியாளர் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மயர் ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரினார். மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி மக்கள் மாள்வதைத் தடுப்பதே அவர் நோக்கம். அலையை அனுப்பி, எதிரே வரும் கப்பலின் உலோக உடலில் அது பட்டுத் திரும்புவதை மணியொலியால் உணர்த்தும் கருவி அது. மே திங்களில் கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தின்மேல் அதை இயக்கிக் காட்டினார். கீழே கப்பல் வந்தபோது மணி ஒலித்தது. ஆயினும் கடற்படையும் கப்பல் நிறுவனங்களும் அதை வேண்டா என ஒதுக்கிவிட்டன. உயிர் காக்க வந்த கருவி முப்பது ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. போர் அச்சம் வந்தபோதுதான் அது மீண்டும் தேடப்பட்டது. மனித குலத்தின் இந்த வழக்கம் நம்மை நாணச் செய்கிறது.

வானத்தைக் காவல் காத்த செவிகள்

1935இல் பிரிட்டன் அரசு, பகைவிமானங்களை அழிக்கும் சாவுக் கதிர் ஒன்றைச் செய்ய இயலுமா என்று வானொலி ஆய்வாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் கேட்டது. அவருடைய உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸ் கணக்கிட்டுப் பார்த்து, அது இயலாது என்று கண்டார். ஆனால் விமானத்தை அழிக்க இயலாவிடினும் அது வருவதை அறிய இயலும் என்று இருவரும் தெரிவித்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 26ஆம் நாள் டேவன்ட்ரி என்னுமிடத்தில், வானொலி நிலையத்தின் அலைகள் ஒரு விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கண்டு உறுதிசெய்தனர்.

கிணற்றுக்குள் குனிந்து நாம் குரல் கொடுத்தால், குரல் அடிவரை சென்று திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு கிணற்றின் ஆழத்தை மதிப்பிடலாம். ராடார் செய்வதும் அதுவே. அலை சென்று திரும்பும் நேரம் தொலைவைச் சொல்கிறது. அது வரும் திசை விமானத்தின் இடத்தைச் சொல்கிறது. பிரிட்டனின் கடற்கரையெங்கும் உயர்ந்த கோபுரங்கள் எழுந்தன. ஜெர்மனியிலும் அதே காலத்தில் ஃபிரையா, வுர்ட்ஸ்பர்க் என்னும் ராடார்கள் உருவாயின. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தனர்.

1940இல் ஜெர்மானிய விமானங்கள் இரவில் இங்கிலாந்தைத் தாக்கியபோது, இருளில் வழிகாட்ட இரு குறுகிய வானலைக் கற்றைகளைப் பயன்படுத்தின. ஒரு கற்றையின் வழியே விமானம் செல்லும். மற்றொரு கற்றை குறுக்கிடும் இடமே குண்டு வீசவேண்டிய நகரம். 28 வயதே நிரம்பிய ஆர்.வி. ஜோன்ஸ் என்னும் அறிவியலார் இதைத் துப்பறிந்து, ஜூன் 21ஆம் நாள் பிரதமர் சர்ச்சில் முன்னிலையில் விளக்கினார். கற்றைகளைக் குழப்பும் முயற்சிகள் தொடங்கின. பகைவர் புதிய கற்றைகளை அமைத்தனர். இவர்கள் புதிய குறுக்கீட்டைச் செய்தனர். நவம்பர் 14ஆம் நாள் இரவில் அந்தக் குறுக்கீடு பயனளிக்கவில்லை. குறுக்கீட்டு ஒலியின் அதிர்வு சரியாகப் பொருத்தப்படாததே காரணம் என்று ஜோன்ஸ் பின்னாளில் எழுதினார். அன்றிரவு கவென்ட்ரி நகரம் எரிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்தில் எழுந்த அதன் பேராலயம் கூரையிழந்து நின்றது. ஒரு கருவியைப் பொருத்துவதில் நேர்ந்த சிறு பிழைக்கு ஒரு நகரம் விலை கொடுத்தது. அலைவெளியில் நடக்கும் போருக்கு ஓசையில்லை; அதன் விளைவு மட்டும் மண்ணில் விழுகிறது.

ஒரு தாள்

இனி நாம் சொல்லவந்த பொருளுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சுவானேஜ் நகரில் இயங்கிய ஆய்வு நிலையத்தில் ஜோன் கரன் என்னும் பெண் அறிவியலார் பணியாற்றினார். அப்போது அவருக்கு 26 வயது. உலோகம் அலையைத் திருப்பும் என்றால், விமானத்திலிருந்து உலோகத் துண்டுகளைத் தூவினால் ராடாரின் திரையில் என்ன தோன்றும் என்பதே அவர் ஆராய்ந்த வினா. கம்பிகளையும் அகன்ற தாள்களையும் பலவாறு தூவிப் பார்த்தார். இறுதியில் அலுமினியம் ஒட்டிய ஒடுக்கமான காகிதப் பட்டைகளே சிறந்தவை எனக் கண்டார். பட்டையின் நீளம் ராடாரின் அலைநீளத்தில் பாதியாக இருந்தால், வீணையின் ஒரு தந்தியை மீட்டும்போது இசைவான மற்றொரு தந்தி தானே அதிர்வதுபோல, அந்தப் பட்டை அலையோடு இசைந்து அதிர்ந்து பெரும் எதிரொலியைத் தரும். வுர்ட்ஸ்பர்க் ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 53 செ.மீ.; எனவே பட்டையின் நீளம் 27 செ.மீ. அளவில் அமைந்தது. இரண்டாயிரம் பட்டைகள் கொண்ட ஒரு கட்டு வானில் பிரிந்து மெல்ல இறங்கும்போது, கால் மணி நேரம் வரை ஒரு விமானத்தைப் போலவே ராடாரின் கண்ணுக்குத் தோன்றும். மறைபெயராக இதற்குச் ‘சாளரம்’ என்று பெயரிட்டனர்.

இத்துணை எளிய பொருளை உடனே பயன்படுத்தியிருப்பார்கள் என்றே நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. ஓராண்டுக்கும் மேலாக அது பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது. காரணம் அச்சம். இந்தப் பட்டையை ஒருமுறை தூவிவிட்டால், மறுநாள் காலையில் ஜெர்மானியக் குழந்தையும் அதைத் தெருவில் பொறுக்கி எடுக்கும். எடுத்துப் பார்க்கும் எந்தப் பொறியாளருக்கும் அதன் மறைபொருள் விளங்கிவிடும். அதன்பின் ஜெர்மானியர் அதையே நம்மீது தூவினால் நம் ராடார்கள் என்னாகும்? சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு தயங்கினார். நாட்டைக் காக்கும் போர்விமானப் படையினர் மறுத்தனர். வாட்சன்-வாட்டும் எதிர்த்தார், தாம் வளர்த்த பிள்ளையின் கண்ணைத் தாமே குத்துவதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

வியப்பு இத்துடன் முடியவில்லை. ஜெர்மானியரும் அதே காலத்தில் அதே பட்டையைக் கண்டுபிடித்திருந்தனர். பெர்லினை அடுத்த டூப்பல் என்னுமிடத்தின் பெயரையே அதற்கு இட்டனர். அவர்களையும் அதே அச்சம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் அறிந்துகொண்டால் ஜெர்மனியின் நகரங்களுக்குக் காவலேது என்று அஞ்சினர். அந்த ஆய்வைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று வான்படைத் தலைவர் கோரிங் தடைவிதித்ததாகக் கூறுவர். இதனால் அவர்கள் மாற்றுவழி தேடும் ஆய்வையும் தொடராது விட்டனர். கிழக்கே ஜப்பானியரும் தாமாகவே இதைக் கண்டறிந்து, ஏமாற்றும் தாள் என்று பொருள்படப் பெயரிட்டனர். மூன்று நாடுகள், ஒரே தாள். மறைபொருள் என்று ஒவ்வொருவரும் மார்போடு அணைத்து வைத்திருந்தது, மற்றவர் மடியிலும் இருந்தது.

மேசையைச் சுற்றி நடந்த விவாதம்

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் நிலைமை மாறியது. ஜெர்மன் நகரங்களின்மீது சென்ற பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் இரவுதோறும் வீழ்ந்தன. ஒவ்வொரு பெரிய விமானத்திலும் எழுவர் இருப்பர். பெரும்பாலோர் இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன இளைஞர். அப்போர் முடிவதற்குள் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை இழந்தவர் 55,573 பேர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். பட்டையைத் தூவினால் இவர்களில் பலர் உயிரோடு திரும்புவர் என்று ஜோன்சும் அவரோடு நின்றோரும் வாதாடினர். அவ்வாதத்தில் உண்மையிருந்தது. அதை எளிதாக ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. அதே வேளையில் ஜெர்மானியக் குண்டுவீச்சுப் படையோ நலிவுற்றிருந்தது; பிரிட்டனின் கையில் புதிய ராடார்களும் வந்துசேர்ந்தன. சிசிலித் தீவில் படைகள் இறங்கும்வரை காத்திருந்து, ஜூலைத் திங்களில் சர்ச்சில் இசைவளித்தார். சாளரம் திறக்கப்பட்டது.

இந்த நீண்ட விவாதத்தைக் கூர்ந்து நோக்குவோமானால் ஒன்று புலனாகும். பகைவன் கற்றுக்கொண்டால் நமக்கு என்ன ஆகும், நம் விமானங்களில் எத்தனை தப்பும் என்பவையே அதில் நிறுக்கப்பட்ட எடைக்கற்கள். நிறுத்தவர்கள் கொடியவர்களல்லர், கொடுங்கோன்மை ஒன்றை வீழ்த்தப் போராடிய நேர்மையாளர்கள். பாதுகாவலை இழந்து நிற்கப்போகும் நகரத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்னும் வினா அந்தத் தராசில் இடம்பெறவில்லை. ஒரு தாளைப் பற்றிப் பேசும்போது நெருப்பைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழாது. தொலைவில் இருந்து செய்யும் பணியின் இடர் இதுதான்.

நான்கு இரவுகள்

அத்தாக்குதலுக்கு இடப்பட்ட பெயர் கொமோரா. வாசகர்களுக்கு அப்பெயரை நாம் விளக்கவேண்டியதில்லை. அந்நகரை முற்றாக அழிப்பதே நோக்கம் என்று படைத்தலைவர் ஆர்தர் ஹாரிசின் கட்டளை கூறியது.

1943 ஜூலை 24ஆம் நாள் இரவு 791 விமானங்கள் ஹாம்பர்க்கை நோக்கிப் புறப்பட்டன. ஒவ்வொரு விமானத்திலிருந்தும் நிமிடத்துக்கு ஒரு கட்டு வீதம் பட்டைகள் தூவப்பட்டன. அவ்விரவில் மட்டும் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட பட்டைகள் காற்றில் மிதந்தன. கீழே ராடார்த் திரைகளின் முன் அமர்ந்திருந்தோர் திகைத்தனர். வானம் முழுவதும் விமானங்கள், ஆயிரக்கணக்கில், எது மெய், எது பொய் என்று அறியக்கூடவில்லை. ராடாரின் வழிகாட்டலை நம்பியிருந்த பீரங்கிகள் இருளை நோக்கிச் சுட்டன. போர்விமானங்கள் இல்லாத பகைவரைத் தேடி அலைந்தன. அதற்கு முன்னர் ஹாம்பர்க்கின்மீது சென்ற விமானங்களில் நூற்றுக்கு ஆறு வீழ்வது வழக்கம். அன்று வீழ்ந்தவை 12 மட்டுமே. ஏறத்தாழ முப்பத்தைந்து விமானங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், அந்தத் தாளினால் அன்றிரவு வீடு திரும்பினார்கள் எனக் கணக்கிடலாம். கீழே நகரில் அன்று மாண்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர்.

பகலில் அமெரிக்க விமானங்கள் தொடர்ந்தன. ஜூலை 27ஆம் நாள் இரவில் 787 விமானங்கள் மீண்டும் வந்தன. மழையற்ற கோடை, கட்டடங்கள் உலர்ந்து கிடந்தன. ஹம்மர்புரூக், ஹம் ஆகிய பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கி நின்றன. தனித்தனியே மூண்ட தீ ஒன்றாகக் கூடியது. வெப்பம் மேலெழ, நாற்புறமிருந்தும் காற்று அதை நோக்கிச் சூறாவளியாய்ப் பாய்ந்தது. நெருப்புப் புயல் என்னும் சொல் அந்த இரவோடு உலகின் நினைவில் நிலைத்துவிட்டது. நிலவறைகளில் தஞ்சம் புகுந்தோர் காற்றின்றி மூச்சடைத்து மாண்டனர். வெளியே ஓடியோரைத் தீக்காற்று இழுத்துச் சென்றது. ஜூலை 29, ஆகஸ்ட் 2 ஆகிய நாள்களின் இரவுகளிலும் தாக்குதல் தொடர்ந்தது. மாண்டோர் தொகையை 34,000 முதல் 40,000 வரை, அதற்கு மேலும், வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவர். ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தும் அஞ்சியும் வெளியேறினர். சாம்பலிலிருந்து பிணங்களை அகற்றும் வேலைக்கு, அருகே நொயங்கம்மே வதைமுகாமில் அடைபட்டிருந்த கைதிகள் ஏவப்பட்டனர். அந்நகரம் ஒரு கொடிய அரசின் நகரமாகவும் இருந்தது என்பதை அம்முகாம் நினைவூட்டும். வார்சா, ராட்டர்டாம், லண்டன் நகரங்களின்மீது முதலில் நெருப்பைப் பொழிந்தது அவ்வரசே என்பதையும் மறத்தல் ஆகாது.

நகரின் நடுவே 147 மீட்டர் உயரத்தில் நின்ற புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் கோபுரம், வானோடிகளுக்கு இடம் காட்டும் அடையாளமாய் அமைந்தது. இறைவனை நோக்கி விரல் நீட்டவென்று எழுப்பிய கோபுரம் குண்டுகளுக்கு வழிகாட்டிற்று. ஆலயம் அழிந்தது, கோபுரம் நின்றது. இன்றும் அது கூரையற்ற நினைவுச்சின்னமாக நிற்கிறது.

திரும்பி வந்த தாள்

இத்துணை விலை கொடுத்துப் பெற்ற மேலாண்மை எவ்வளவு காலம் நிலைத்தது? சில திங்கள்களே. ஜெர்மானியர் வழிகளை மாற்றினர். வேறு அலைநீளத்தில் இயங்கிய புதிய ராடாரை விமானங்களில் பொருத்தினர். பழைய அளவுப் பட்டைகள் அதை ஏமாற்றவில்லை. 1944 மார்ச் 30ஆம் நாள் இரவு நியூரம்பர்க் நகரைத் தாக்கச் சென்ற ஏறத்தாழ 795 விமானங்களில் 95 வீழ்ந்தன. அந்தப் படையின் வரலாற்றில் ஒரே இரவில் நேர்ந்த பேரிழப்பு அது.

அஞ்சியபடியே தாளும் திரும்பி வந்தது. 1943 டிசம்பர் 2ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் தங்கள் டூப்பல் பட்டைகளைத் தூவி, இத்தாலியின் பாரித் துறைமுகத்தில் நின்ற நேச நாட்டுக் கப்பல்களைத் தாக்கின. அவற்றுள் ஒன்றில் மறைவாகக் கொண்டுவரப்பட்டிருந்த நச்சு வாயுக் குண்டுகள் உடைந்து பலருடைய உயிரைக் குடித்தன. பாரி நகரில்தான் புனித நிக்கோலாசின் திருப்பண்டங்கள் வைக்கப்பட்டுள்ளன. கடலோடிகளுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாவலராக நாம் போற்றும் அப்புனிதரின் பெயர் தாங்கிய ஆலயம் ஹாம்பர்க்கில் எரிந்து ஐந்து திங்கள் ஆகுமுன், அவர் துயிலும் நகரின் துறைமுகமும் எரிந்தது. தாள் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் ஊழியம் செய்யவில்லை.

அதன் மற்றொரு பயனையும் மறைத்தல் நேர்மையன்று. 1944 ஜூன் 5ஆம் நாள் இரவு, நார்மண்டியில் படைகள் இறங்குமுன், சில விமானங்கள் கடலின்மேல் அளந்து வைத்த வட்டங்களில் பறந்து பட்டைகளைத் தூவின. ராடார்த் திரையில் ஒரு பெருங்கப்பற்படை வேறு கரையை நோக்கி மெல்ல நகர்வதுபோலத் தோன்றியது. பகைவரின் பார்வை திரும்பியது. அந்தத் தந்திரத்தினால் யாரும் எரியவில்லை, பலர் பிழைத்தனர். ஹாம்பர்க்கிலும் நார்மண்டிக் கடலிலும் தூவியது ஒரே வகைப் பட்டைதான். வேறுபாடு தாளில் இல்லை. அதற்குப் பின்னால் வந்தது எது என்பதில் இருக்கிறது.

ஆபிரகாமின் வினா

கொமோரா என்று பெயரிட்டவர்கள் விவிலியத்தை அரைகுறையாகவே நினைவுகூர்ந்தார்கள் என்று கூறத் தோன்றுகிறது. தொடக்க நூலில் அந்நகரங்கள்மீது நெருப்புப் பொழியுமுன் ஓர் உரையாடல் நடக்கிறது. ஆபிரகாம் ஆண்டவர் முன் நின்று, நகரில் நல்லவர் ஐம்பது பேர் இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்கிறார். ஐம்பதில் தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது எனக் குறைத்துப் பத்து வரை இறங்கி வருகிறார். இறைவனிடமே வழக்காடுகிறார். இறைவனும் சினங்கொள்ளாமல் விடையளிக்கிறார். நகரை எண்ணிக்கையாகக் காணாமல் மனிதராகக் காணும் வினா அது. அவ்வினா முதலில் எழுப்பப்பட்டபின்னரே நெருப்பைப் பற்றிய பேச்சு அங்கே வருகிறது.

போரின் நடுவே அந்த வினாவை எழுப்பியவர் ஒருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. சிச்செஸ்டர் நகரின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரி 9ஆம் நாள் பிரபுக்கள் அவையில் எழுந்து, படைத்துறை இலக்குகளைத் தாக்குவதற்கும் நகரங்களை முழுமையாக அழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். ஹாம்பர்க்கின் பெயரைச் சொல்லியே பேசினார். அவர் பகைவருக்குப் பரிந்தவரல்லர். நாத்சிகளைத் தொடக்கமுதலே எதிர்த்தவர். அவர்களால் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபரின் நண்பர். அவருடைய சொல்லை அன்று ஏற்றவர் சிலரே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நகரங்களை முழுமையாகவும் வேறுபாடின்றியும் அழிக்கும் எந்தப் போர்ச்செயலும் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிவித்தபோது, அவ்வினா திருச்சபையின் போதனையாகவே வடிவம் பெற்றது. கவென்ட்ரியிலோ, எரிந்த பேராலயத்தின் கூரை ஆணிகளைக் கொண்டு சிலுவை செய்து, அத்தகைய சிலுவைகளைக் கீல், டிரெஸ்டன், பெர்லின் முதலிய ஜெர்மன் நகரங்களுக்கு அனுப்பினார்கள். சொல்லால் எழுப்பிய வினாவுக்கு இது செயலால் அளித்த விடை.

இன்றைய வானம்

இது கடந்துபோன கதை என்று நாம் ஏட்டை மூடிவிட இயலாது. 2022இல் உக்ரைனில் பெரும்போர் மூண்டது முதல் அலைவெளி மீண்டும் போர்க்களமாகியிருக்கிறது. ஆளில்லா விமானங்களுக்குச் செல்லும் கட்டளைகளைக் குலைப்பதும், செயற்கைக்கோள்கள் தரும் இடங்காட்டும் குறிகளை மறைப்பதும் அங்கே அன்றாடச் செயல்கள். அந்த அலைகள் போர்க்கள எல்லையோடு நிற்பதில்லை. 2024ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று, பாக்குவிலிருந்து குரோஸ்னி சென்ற அஜர்பைஜான் பயணிகள் விமானத்தின் ஓட்டிகள், இடங்காட்டும் குறிகளை இழந்ததாகத் தெரிவித்தனர். பின்னர் அவ்விமானம் சேதமுற்றுக் காஸ்பியன் கடலைக் கடந்து அக்தாவ் அருகே வீழ்ந்தது. 38 பேர் மாண்டனர். தங்கள் வான்காப்பு ஏவுகணைகள் அருகில் வெடித்ததை ரஷ்ய அதிபர் 2025இல் ஒப்புக்கொண்டார். ஒருவர் கண்ணை மறைக்க விரித்த திரை, வழிப்போக்கர் கண்ணையும் மறைத்துவிடுகிறது.

இத்துறைகளில் பணியாற்றும் இளைஞர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. மின்னணுவியல் கற்று, ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் கருவிகளின் ஒரு சிறு பகுதியைச் செய்பவர்கள் அவர்கள். அவர்களைக் குற்றஞ்சாட்ட நாம் எழுதவில்லை. ஜோன் கரன் செய்தது அறிவியலாளரின் நேர்மையான பணி; அதனால் பிழைத்த உயிர்களும் பலப்பல. நாம் வேண்டுவது ஒன்றே. தாள் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று கேட்கும் அறைகளில், அது விழும் நகரில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் ஒருவரும் அமர்ந்திருக்கவேண்டும். அந்த ஒருவர் அயலாராக இருக்கவேண்டியதில்லை. தாளைச் செய்பவரே அவராக இருக்கலாம்.

ஓல்ஸ்டார்ஃபின் பெருங்கல்லறை நடுவே சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் வடித்து 1952இல் திறக்கப்பெற்ற சிற்பம் ஒன்றுண்டு. கிரேக்கப் பழங்கதையில் வரும் மறுகரை ஓடக்காரன் இறந்தவர்களை ஆற்றின்மீது ஏற்றிச் செல்கிறான். ஓடத்தில் ஓர் இளம் இணையர், குழந்தையோடு ஒரு தாய், ஒரு முதியவர். யார் முகத்திலும் கூக்குரல் இல்லை. சுற்றிலும் கிடக்கும் மரவுத்திரங்களில் ஆட்களின் பெயர்களைக் காணோம். அழிந்த பகுதிகளின் பெயர்களே செதுக்கப்பட்டுள்ளன. பெயரறியாதவரே மிகுதியாதலால் ஊரின் பெயரே அவர்கள் பெயராயிற்று. அதே தோட்டத்தின் மற்றொரு பகுதியில், உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையை முதன்முதலில் கண்ட அறிஞர் அமைதியாக உறங்குகிறார். நாம் அனுப்பும் ஒவ்வொன்றும் எங்கோ பட்டுத் திரும்பி வரும் என்பதை அவர் ஓர் அறைக்குள் கண்டார். அவருடைய நகரமோ நெருப்பில் கண்டது.